உள்ளங்கை அரிப்புக்கு எண்ணெய் தேடாதீர்கள்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். கானாடுகாத்தானில் வசிக்கிறேன். வயது 27. முதல் பிள்ளை, 31ஆம் வாரம் நடக்கிறது. மூன்றாம் மாதத்தில் பெங்களூரிலிருக்கும் என் தோழி ஒரு பரிசுப் பெட்டி அனுப்பினாள். வயிற்றில் கோடு விழாமல் இருக்கத் தடவும் லாவண்டர் எண்ணெய், பெர்கமாட்டும் எலுமிச்சையும் கலந்த முக எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய் கலந்த ஃபேஸ் வாஷ் மூன்றும் அதில் இருந்தன. 'முழுக்க இயற்கை' என்று எழுதியிருந்ததால் தினமும் பயன்படுத்தி வந்தேன். இத்தகைய நறுமண எண்ணெய்கள் கருவைக் கலைத்துவிடும் என்று போன வாரம் கைப்பேசியில் படித்தேன். அன்றிலிருந்து மனது ஒரு நிலையில் இல்லை. போதாததற்கு முகத்தில் மங்கு படர்ந்திருக்கிறது. இடுப்பு வலிக்காகக் கணவரின் அப்பத்தா தினமும் இரவில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைத் தேய்த்துவிடுகிறார். வேண்டாம் என்று சொன்னால் அவர் மனம் நோகும். இரண்டு வாரமாக வயிற்றில் அரிப்பு. இரவில் உள்ளங்கையும் உள்ளங்காலும்கூட அரிக்கின்றன. தடிப்பு ஒன்றும் இல்லை. நலுங்கு மாவு தேய்த்துக் குளித்தும் அடங்கவில்லை. இந்த அரிப்புக்கு எந்த எண்ணெய் தடவலாம்?
— பெயர் வெளியிட வேண்டாம், கானாடுகாத்தான்

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி நான்கு வரிகளைப் படித்ததும், இதழ் வெளிவரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று ஆசிரியர் குழு வழியாக உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லச் சொல்லிவிட்டேன். அன்று சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே அரிப்போடு இன்னும் எத்தனை பெண்கள் எண்ணெய்ப் புட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறார்களோ!

ஏழாம் மாதத்துக்கு மேல் வயிறு அரிப்பது சாதாரணம். தோல் இழுபடுகிறது, உலர்கிறது, அரிக்கிறது. ஆனால் தடிப்போ பருவோ எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிப்பதும், இரவானால் அது கூடுவதும் தோலின் கோளாறாக இல்லாமல் கல்லீரலின் கோளாறாக இருக்கலாம். கர்ப்பகாலத்தில் சுரக்கும் ஹார்மோன்களால் சிலருக்குப் பித்தநீர் ஓட்டம் மந்தமாகிவிடும். குடலுக்குப் போக வேண்டிய பித்த அமிலம் ரத்தத்தில் தேங்கும். அதுதான் இப்படி அரிக்க வைக்கிறது. 'கர்ப்பகாலப் பித்தத் தேக்கம்' என்று இதைச் சொல்லுவோம். தாய்க்குத் தூக்கம் கெடுவதோடு போய்விடலாம். குழந்தைக்கு அப்படியில்லை. குறைமாதப் பிரசவத்துக்கு வாய்ப்பு கூடும். பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோல் அளவைத் தாண்டிவிட்டால், குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடும் ஆபத்தும் கூடுகிறது. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. உரிய நேரத்தில் கண்டுபிடித்துவிட்டால் கண்காணிக்க முடியும், பிரசவத் தேதியைத் தீர்மானிக்க முடியும். பெரும்பாலானவர்களுக்கு அளவு அந்த உயரத்துக்குப் போவதில்லை. பிள்ளை பிறந்ததும் அரிப்பு தானாகவே அடங்கிவிடும்.

ஆகவே உடனே ரத்தம் கொடுங்கள். கல்லீரல் செயல்பாட்டுச் சோதனையைக் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ அன்றைக்கே செய்துகொள்ளலாம். பித்த அமிலச் சோதனைக்கு ஆய்வகங்கள் ரத்தத்தை எடுத்து வெளியூருக்கு அனுப்புவதுண்டு. முடிவு வர ஓரிரு நாள் ஆகலாம், அதனால் சோர்ந்துபோய் விட்டுவிடாதீர்கள். முதல் சோதனையில் ஒன்றும் தெரியாமல் போய், அரிப்பு மட்டும் தொடர்ந்தால் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அரிப்பு முந்திக்கொள்வதும் ரத்தத்தில் மாறுதல் பின்னால் வருவதும் உண்டு. சிறுநீர் கறுத்துப் போகிறதா, மலம் வெளிறுகிறதா, கண் மஞ்சளாகிறதா என்றும் பாருங்கள். உங்கள் தாயாருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ பிள்ளைப்பேற்றின்போது இப்படி அரித்ததா என்று கேட்டு வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் எந்த முடிவுக்கும் காத்திராமல், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிடுங்கள்.

இந்த அரிப்பைத் தீர்க்கும் எண்ணெய் எதுவும் கிடையாது. குளிர்ந்த நீரில் கைகால்களை நனைத்துக்கொள்வது, வாசனை சேர்க்காத கிரீமைத் தடவுவது, இரவில் மெல்லிய பருத்தி உடுப்பது ஆகியவை சற்று ஆறுதல் தரும். மெந்தால் 1 முதல் 2 சதவீதம் சேர்த்த கிரீமை மருத்துவர்களே எழுதித் தருவதும் உண்டு. அது புதினா வகையிலிருந்து எடுக்கும் பொருள்தான். அதே மெந்தாலைக் கட்டியாக வாங்கி எண்ணெயில் கரைத்து உடம்பெல்லாம் பூசினால் கதை வேறு. நீங்கள் கேட்ட மற்றக் கேள்விகளுக்கெல்லாம் இந்த இடத்திலிருந்துதான் பதில் தொடங்குகிறது.

நறுமண எண்ணெய் என்பது நாம் தலையில் வைக்கும் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்ற எண்ணெயல்ல. ஒரு செடியின் வாசனையை ஆவியில் வடித்தோ பிழிந்தோ ஒடுக்கிய சத்து அது. நம் வீட்டு அடுப்படியிலிருந்தே கணக்குச் சொல்கிறேன். ஒரு கிராம்பின் எடையில் ஏறக்குறைய 15 சதவீதம் எண்ணெய். ஒரு மில்லி கிராம்பெண்ணெய் வேண்டுமானால் 60, 70 கிராம்பாவது வேண்டும். ஒரு சொட்டுக்கே மூன்று கிராம்பு. குழம்புக்கு இரண்டு கிராம்பு தாளித்து வீடே சாப்பிடுகிற ஊர் நம்முடையது. கர்ப்பிணி கிராம்பு போட்ட குழம்பைச் சாப்பிடலாமா என்று கேட்டால், தாராளமாகச் சாப்பிடலாம் என்பேன். கிராம்பெண்ணெயை நேராக வயிற்றில் தேய்க்கலாமா என்றால் கூடவே கூடாது. செடி ஒன்றுதான், அளவு வேறு.

தோலில் தடவியது தோலோடு நின்றுவிடும் என்றும் நினைக்கக் கூடாது. லாவண்டர் எண்ணெயை நல்லெண்ணெய் போன்ற ஓர் எண்ணெயில் கலந்து ஒருவருக்கு வயிற்றில் தேய்த்து, அவருடைய ரத்தத்தைச் சோதித்து 1992இல் ஓர் ஆய்வு வந்தது. ஐந்தே நிமிடத்தில் அதன் வாசனைப் பொருளான லினலூல் ரத்தத்தில் தென்பட்டது. ஏறக்குறைய 20 நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், ஒன்றரை மணி நேரத்தில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. உள்ளே போகிறது என்பதும் உண்மை, மிகக் குறைந்த அளவில் போய் விரைவில் வெளியேறிவிடுகிறது என்பதும் உண்மை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் பாதியை மட்டும் எடுத்துப் போடுகிறவர்கள்தான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறார்கள்.

உங்கள் பெட்டியில் இருந்தவற்றைப் பார்ப்போம். டீ ட்ரீ கலந்த ஃபேஸ் வாஷை முகத்தில் வைத்து ஒரு நிமிடத்தில் கழுவிவிடுகிறீர்கள். அதனால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. லாவண்டர் எண்ணெயும் அப்படித்தான், புட்டியில் அதன் அளவு 1 சதவீதத்துக்குள் இருந்தால். கர்ப்பகாலத்துக்கு நாங்கள் வைத்துக்கொள்ளும் எல்லை அதுதான். 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு ஒரே ஒரு சொட்டு. முதல் மூன்று மாதம் பிள்ளையின் உறுப்புகள் உருவாகும் காலம் என்பதால், அப்போது அதுவும் வேண்டாம் என்பேன். நீங்கள் தொடங்கியதோ அந்தக் காலம் முடியப்போகும் மூன்றாம் மாதத்தில். இந்த எண்ணெயால் உங்கள் குழந்தைக்குக் கெடுதல் நேர்ந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தாயாகப் போகிறவள் அறியாமல் செய்த ஒன்றுக்காகத் தன்னையே நொந்துகொள்வதை என் அறையில் தினமும் பார்க்கிறேன். அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

ஆனாலும் இனி அந்தப் புட்டியைத் திறக்க வேண்டாம். பிள்ளைக்காகச் சொல்லவில்லை, உங்கள் தோலுக்காகச் சொல்கிறேன். லாவண்டர் எண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டுப் பழசாகும்போது, அதிலுள்ள லினலூல் ஒவ்வாமையை உண்டாக்கும் பொருளாக மாறுகிறது. நான்கு மாதமாகத் திறந்து மூடிய புட்டி, அதுவும் நம் ஊர் வெயிலில். டீ ட்ரீ எண்ணெயும் பழசானால் இப்படித்தான். வயிற்றுக் கோடுகளைப் பற்றி ஒரு வரி: அவை விழுவதும் விழாததும் பெரும்பாலும் பரம்பரைவாகு. எந்த எண்ணெயும் கிரீமும் அவற்றைத் தடுப்பதாக நம்பத்தக்க ஆய்வு எதுவும் நிலைநாட்டவில்லை. காசை மிச்சப்படுத்துங்கள்.

முக எண்ணெய் எனக்குப் பிடிக்கவில்லை. பெர்கமாட் என்பது நார்த்தை, எலுமிச்சை இனத்துப் பழம். அதன் தோலைப் பிழிந்தெடுக்கும் எண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருள் இருக்கிறது. பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெயிலும் அந்த வகைப் பொருள்கள் உண்டு. தோலில் அது இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து, பிறகு கறுத்துப் போகும். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கழுத்தில் வந்த கறுப்பைக் காட்ட என்னிடம் வந்தாள். காதின் கீழிருந்து தோள்வரை வழிந்தாற்போல இரண்டு கோடுகள், நடுவில் ஒரு துளி வடிவம். எண்ணெய் எப்படி வழிந்ததோ அப்படியே தோலில் எழுதி வைத்தது போலிருந்தது. காலையில் முகத்துக்குத் தடவிக்கொண்டு, வளவில் வற்றலைக் காயப்போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். கோடு மறைய ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. உங்களுக்கு ஏற்கெனவே மங்கு படர்கிறது. கர்ப்பகால ஹார்மோனால் நிறமி கூடியிருக்கும் முகத்தில் இந்த எண்ணெயும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதை நிறுத்திவிட்டு, துத்தநாக ஆக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீனைத் தடவிக்கொள்ளுங்கள். வெளியே போகும்போது முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை பிறந்த பிறகு மங்கு பெரும்பாலானவர்களுக்கு மெல்ல வெளுத்துவிடும்.

மங்கைப் போக்குகிறேன் என்று மருந்துக் கடையில் கேட்டு எதையும் வாங்கிவிடாதீர்கள், தங்கை. நறுமண எண்ணெயைவிட எனக்குப் பல மடங்கு அச்சம் தருவது அதுதான். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் ஒன்றாகக் கலந்த களிம்பை நம் ஊர்களில் சிவப்பழகு கிரீம் போலப் பூசிக்கொள்கிறார்கள். ட்ரெட்டினாயின் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் மாத்திரையாக விழுங்கும் ஐசோட்ரெட்டினாயின் கருவின் உறுப்புகளைக் கெடுக்கும் என்பது உறுதிப்பட்ட செய்தி. ஆகவே தடவும் வகையையும் கர்ப்பத்தில் தவிர்க்கிறோம். ஹைட்ரோகுவினோனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தோல் வழியே உடலுக்குள் போய்விடுகிறது. பெயர் தெரியாத சில வெளுப்புக் கிரீம்களில் பாதரசம் இருக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது 2023இல் வெளியே வந்தது. பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்கும் போகும். 'இயற்கை' என்ற சொல்லுக்கு ஏமாறக் கூடாது என்பது போலவே, 'ஒரே வாரத்தில்' என்ற சொல்லுக்கும் ஏமாறக் கூடாது.

இனி கற்பூரம். உங்கள் கடிதத்தில் வாசனைப் பொருள் என்று எதற்காவது நான் உண்மையில் கவலைப்படுகிறேன் என்றால் அது இதற்குத்தான். கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் விரைவாக உடம்பில் ஏறும், நஞ்சுக்கொடியைத் தாண்டும். பெரியவர்களின் கல்லீரல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். கருவிலுள்ள பிள்ளையின் கல்லீரலுக்கு அந்த வல்லமை வந்திருக்காது. விழுங்கினால் வலிப்பு வரும், சின்னக் குழந்தைகளுக்கு மிகச் சிறு அளவே போதும். அமெரிக்காவில் விளக்கெண்ணெய் என்று நினைத்துக் கற்பூர எண்ணெயைக் குடித்துவிட்ட கர்ப்பிணிகள் உண்டு. பிள்ளையை இழந்தவர்களும் உண்டு. அந்த நாட்டில் 1980களின் தொடக்கத்திலேயே கற்பூர எண்ணெய் விற்பனையை நிறுத்தினார்கள். தடவும் மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் வைத்தார்கள்.

நம் வீட்டில் யார் சதவீதம் பார்க்கிறார்கள்? ஒரு மாமியார் தன் மருமகளுக்குத் தேய்க்கும் எண்ணெயைப் புட்டியோடு கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். பழைய தேன் புட்டி. அடியில் கரையாத கற்பூரம் வெள்ளை வெள்ளையாகப் படிந்துகிடந்தது. எத்தனை வில்லை போட்டீர்கள் என்று கேட்டேன். "கைக்கு வந்ததைப் போட்டேன், டாக்டரம்மா" என்றார். இனி கரைய இடமில்லாத அளவுக்கு அந்த எண்ணெய் கற்பூரத்தைக் குடித்திருக்கிறது என்று பொருள். அன்போடு செய்ததுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் புட்டி வீட்டு மாடக்குழியில் விளக்கெண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. பிரசவ வலி வரட்டும் என்று ஒன்பதாம் மாதத்தில் விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுக்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அந்தப் பழக்கமும் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. இரண்டு புட்டியையும் அரையிருட்டில் மாற்றி எடுத்தால் என்னாகும் என்று நினைத்துப் பார்த்து, அன்று என் உள்ளங்கை வேர்த்துவிட்டது.

அப்பத்தாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நீங்கள் தேய்த்துவிட்டால்தான் எனக்கு வலி போகிறது, அப்பத்தா. டாக்டரம்மா கற்பூரத்தை மட்டும் வேண்டாம் என்கிறார்." வெறும் தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ வெதுவெதுப்பாக்கி, அதே கையால் இடுப்பில் மெல்லத் தேய்த்துவிடட்டும். வயிற்றை அமுக்க வேண்டாம். வலியை ஆற்றுவதில் பாதிக்கு மேல் அந்தச் சூட்டுக்கும் அந்தக் கைக்கும்தான் சேரும். கற்பூரம் சாமிக்கு இருக்கட்டும். இன்றுவரை தேய்த்ததற்காக அவரையும் யாரும் கடிந்துகொள்ள வேண்டாம். உங்களுக்கு இதுவரை வலிப்போ மயக்கமோ வந்ததாக எழுதவில்லை. நிறுத்தினால் போதும்.

கற்பூரம் போனால் வலித்தைலம் வரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும் வலித்தைலங்கள் பலவற்றில் மீத்தைல் சாலிசிலேட் இருக்கும். ஆஸ்பிரின் குடும்பம். 'வின்டர்கிரீன்' என்று வாசனை எண்ணெயாக விற்பது முக்கால்வாசிக்கும் மேல், ஏறக்குறைய முழுக்கவே, இதுதான். அதில் ஒரு டீஸ்பூன் இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். 20 வாரத்துக்குப் பிறகு இந்த வகை வலிமருந்துகள் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் எச்சரித்தது. தலைவலிக்கு நெற்றியில் ஒரு முறை துளி தடவியதற்காக அஞ்ச வேண்டாம். இடுப்பு, தொடை, கால் என்று தினமும் பூசிப் போர்த்திக்கொள்வதுதான் கூடாது. சளிக்கு யூகலிப்டஸ் தைலத்தைக் கொதிநீரில் விட்டு ஆவி பிடிப்பதற்குப் பதில் வெறும் நீராவியே போதும்.

கடையில் பெயர் பார்த்தே ஒதுக்க வேண்டிய நறுமண எண்ணெய்கள் சில இருக்கின்றன. பென்னிராயல், வார்ம்வுட், டான்சி, ஹிஸ்ஸப், சேஜ், அருவதா, பார்ஸ்லி விதை. இவற்றில் சில பழங்காலத்தில் கருக்கலைப்புக்கே பயன்பட்டவை. பென்னிராயலில் உள்ள புலிகோன் கல்லீரலையே சிதைக்கும். வசம்பு எண்ணெயும் இந்த வரிசையில்தான். இந்திய வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் மிகுதி. 1968லேயே அமெரிக்கா அதை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. பிள்ளை பிறந்ததும் நாக்கில் வசம்பை உரசி வைக்கச் சொல்லுவார்கள், அதற்கும் சம்மதிக்காதீர்கள். கையில் வளையலாகக் கட்டினால் வாயில் வைத்துச் சப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டாமலிருந்தால் இன்னும் நல்லது.

நலுங்கு மாவைத் தொடரலாம். பயறும் வெட்டிவேரும் ரோஜா இதழும் அரைத்த மாவிலிருந்து இரண்டு நிமிடக் குளியலில் உடம்புக்குள் போவது ஒன்றுமில்லை. தோல் உலர்ந்திருக்கும்போது மாவு இன்னும் உலர்த்தும், ஆகவே வாரத்துக்கு இரண்டு நாள் போதும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பிரசவத்துக்குத் துணி சேர்க்கத் தொடங்கியிருப்பீர்கள். பிள்ளைக்கு மெத்தென்றிருக்கும் என்று பெட்டியிலும் அலமாரியிலும் பல ஆண்டாக மடித்து வைத்த பழைய சேலைகளைக் கிழித்துத் தருவது நம் வீடுகளில் வழக்கம். நல்ல வழக்கம்தான். அந்தப் பெட்டியில் பூச்சி உருண்டை போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். அது பெரும்பாலும் நாப்தலீன். பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைந்த குழந்தைகளுக்கு அந்த ஆவி ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையை மூளைவரை கொண்டுபோய்விடும். உங்கள் பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று இப்போது தெரியாது. ஆகவே உருண்டையோடு இருந்த சேலையை ஒதுக்கிவிட்டு, வேறு பழம்பருத்திச் சேலையை எடுத்து, வாசனை இல்லாத சோப்பில் அலசி, முற்றத்து வெயிலில் இரண்டு நாள் நன்றாகக் காயவைத்து மடித்து வையுங்கள்.